பார்த்துச் சொன்னதற்கும் கூலி



தீபாவளிக்கு ஊருக்குப் போகிற வீடுகளில் இந்நேரம் காரைப் பற்றிய பேச்சு ஆரம்பித்திருக்கும். கிளம்புவதற்கு முன்னால் ஒருமுறை சர்வீஸுக்கு விட்டுவிடலாம் என்பார் ஒருவர். “எங்கே விடுறது? போன தடவை விட்ட இடத்துல பன்னிரண்டாயிரம் வாங்கினாங்க. அந்தச் சத்தம் இன்னும் போகலையே!” என்பார் இன்னொருவர். அதோடு பேச்சு நின்றுவிடும்.

உங்கள் வீட்டிலும் நடந்ததுதானே?

ஒரு குடும்பப் பத்திரிகையில் கார் ரிப்பேரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். கார் இப்போது குடும்ப விஷயமாகிவிட்டது. ஐந்து வருடம், ஏழு வருடம் என்று தவணை கட்டி வாங்கிய வண்டி அது. அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போவது, பிள்ளையைப் பரீட்சை மையத்தில் விடுவது, ராத்திரி பதினொரு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் இறங்கும் மகளைக் கூட்டி வருவது என்று வீட்டின் பாதி ஓட்டம் அதன்மேல்தான் நடக்கிறது. ஒருநாள் காலையில் சாவியைத் திருப்பும்போது ‘கடக், கடக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிட்டால், அன்றைய தினமே கலைந்துபோகிறது.

ஆனால், வண்டி நின்றதைவிடப் பெரிய கவலை அதற்குப் பிறகுதான் வருகிறது. பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு மெக்கானிக் ஏதோ சொல்கிறார். நமக்குப் புரியவில்லை. புரிந்ததுபோலத் தலையாட்டுகிறோம். “எவ்வளவு ஆகும்?” என்று மட்டும் கேட்கிறோம். அவர் ஒரு தொகை சொல்கிறார். அது நியாயமா, அநியாயமா என்று தெரிந்துகொள்ள நம்மிடம் எந்த வழியும் இல்லை. மளிகைக் கடையில் ஐந்து ரூபாய் அதிகம் என்றால் கேட்கத் தெரிந்த நமக்கு, இங்கே வாய் எழுவதில்லை.

பல வருடங்களாக மனதில் இருக்கும் ஓர் எண்ணத்தை இந்த முறை உங்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நம்பி வண்டியை விட ஒரு மெக்கானிக் கிடைக்கவில்லையே என்று எல்லோரும் வருத்தப்படுகிறோம். அதற்குப் பாதிக் காரணம் நம்மிடமே இருக்கிறது. பழுதைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு நாம் காசு கொடுப்பதே இல்லை. மாற்றிய பாகத்துக்குத்தான் கொடுக்கிறோம். அதனால்தான் பாகங்கள் மாற்றப்படுகின்றன.

எல்லோருக்கும் தெரிந்த ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மார்ச் பிறந்ததும் கார் ஏ.சி.யில் குளிர்ச்சி குறைந்துவிட்டது என்று போவோம். “கேஸ் கம்மியா இருக்கு சார், ஃபில் பண்ணிடலாம்” என்பார்கள். இரண்டாயிரத்துக்குள் வேலை முடியும். நமக்கும் திருப்தி. மே மாதத்தில் மறுபடி வெந்நீர் அடுப்புப்போல வண்டி கொதிக்கும்.

ஏ.சி. கேஸ் பெட்ரோலைப்போலச் செலவாகிற பொருள் இல்லை. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. வருடக்கணக்கில் ரப்பர் ஹோஸ் வழியாக மிகக் கொஞ்சம் கசியலாம். ஒரே வருடத்தில் குறைந்துவிட்டது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. முன்னால் கல் பட்ட கண்டென்சராக இருக்கலாம், தேய்ந்துபோன ஓ-ரிங்காக இருக்கலாம், உள்ளே டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க நைட்ரஜன் ஏற்றி, பிரஷர் இறங்குகிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டும். மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும். அரை நாள் ஓடிவிடும்.

அந்த அரை நாளுக்குச் சம்பளம் கேட்டால் கொடுப்போமா? “சும்மா பார்த்ததுக்கா காசு?” என்றுதான் கேட்போம். அதனால் அவரும் பார்ப்பதில்லை. கேஸை ஏற்றி அனுப்பிவிடுகிறார். மூன்று கோடையில் நாம் கேஸுக்குக் கொடுத்த பணத்தைக் கூட்டினால், ஒழுகும் இடத்தை நிரந்தரமாகச் சரிசெய்யும் செலவில் பெரும்பகுதி அதிலேயே வந்திருக்கும்.

(இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குளிர்ச்சி குறைந்ததுமே கேஸைச் சந்தேகப்பட வேண்டாம். பெரும்பாலான கார்களில் முன் இருக்கைக்காரரின் முழங்காலுக்கு எதிரே உள்ள கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் கேபின் ஃபில்டர் இருக்கிறது. அது தூசி அடைத்துக் கறுத்திருந்தாலே காற்று வராது. சில நூறு ரூபாய்தான். யூடியூப் பார்த்துப் பத்தாம் வகுப்புப் பையன்கூட மாற்றிவிடுவான்.)

டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் எஞ்சின் படம் எரிவதும் இதே கதைதான். ஸ்கேனரைச் செருகுவார்கள். ஒரு கோடு (பிழைக் குறியீடு) வரும். “ஸ்கேன் பண்ணியாச்சு சார், சென்சார் போயிடுச்சு” என்பார்கள். கம்ப்யூட்டரே சொல்லிவிட்டதே என்று நாமும் நம்பிவிடுகிறோம். ஆனால் அந்தக் கோடு எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை, எந்த இடத்தில் அளவு தப்புகிறது என்று மட்டுமே சொல்கிறது. பி0171 என்று ஒரு கோடு அடிக்கடி வரும். பெட்ரோலோடு ஒப்பிட்டால் காற்று அதிகமாகிறது என்று அர்த்தம். ஒரு ரப்பர் குழாயில் விரிசல் விட்டிருந்தாலும் அது வரும். காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்குப் படிந்திருந்தாலும் வரும். பெட்ரோல் பம்ப் பலவீனமாகியிருந்தாலும் வரும். இதில் எது என்று தேடுவதுதான் மெக்கானிக்கின் படிப்பும் அனுபவமும். ஸ்கேனர் யார் கையிலும் இருக்கலாம், தேடத் தெரிந்தவர்கள் குறைவு.

டாக்டரிடம் போகிறோம். தொட்டுப் பார்த்து, நாலு கேள்வி கேட்டு, “ஒண்ணுமில்ல, தண்ணி நிறையக் குடிங்க” என்று அனுப்பிவிடுகிறார். ஃபீஸ் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வருகிறோம். மெக்கானிக் ஒரு மணி நேரம் தேடி, லூசாக இருந்த ஒரு கனெக்டரை அழுத்தி மாட்டி, “சரியாயிடுச்சு, ஐந்நூறு கொடுங்க” என்றால் நமக்கு முகம் சுருங்குகிறது. அவர் அதைப் பார்க்கிறார். அடுத்த முறை கனெக்டரை மாட்டிவிட்டு, ஒரு சென்சாரையும் மாற்றியதாகச் சொல்லிவிடலாமே என்று தோன்றத்தானே செய்யும்?

ஏமாற்றுகிறவர்களுக்காக நான் பரிந்து பேசவில்லை. மாற்றாத பாகத்தை மாற்றியதாக பில் போடுவது திருட்டுதான். ஆனால் நேர்மையாக இருக்க நினைக்கும் மெக்கானிக்கும் வாடகை கட்ட வேண்டும், இரண்டு பையன்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். லேபரில் நாம் அடித்துப் பேசிக் குறைக்கும் பணத்தை அவர் ஸ்பேர்ஸில்தான் எடுத்தாக வேண்டும். அதை நாம் பார்க்க முடிவதில்லை, அவ்வளவுதான்.

அதனால் அடுத்த முறை இப்படிச் சொல்லிப் பாருங்களேன்: “அண்ணே, முதல்ல என்ன பிரச்சினைன்னு நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. பார்க்கிறதுக்கு என்ன உண்டோ அதைத் தனியா கொடுத்திடறேன். ரிப்பேரைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்.” இந்த ஒரு பேச்சு எத்தனை பேரின் நடையை மாற்றிவிடுகிறது என்பதைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன். வேலை தெரிந்தவருக்கு அது மரியாதை. வேலை தெரியாதவர் அதிலேயே திணறிவிடுவார்.

சரி, யாரிடம் போவது? கம்பெனி சர்வீஸ் சென்டரா, தெருமுனை ஒர்க்‌ஷாப்பா?

வாரண்டி இருக்கும்வரை கம்பெனி சென்டர்தான் வசதி. வண்டியை எப்போது எங்கே விட்டோம் என்பதற்கு அவர்களிடமே பதிவு இருக்கும். பிரச்சினை வந்தால் வாதாட வேண்டியதில்லை. ஆனால் அங்கே நம்மிடம் பேசும் சர்வீஸ் அட்வைசர் நம் வண்டியைத் தொடுகிறவர் அல்ல. அவருக்கு மாத விற்பனை இலக்கும் இருக்கக்கூடும். எஞ்சின் ஃபிளஷ், திராட்டில் பாடி கிளீனிங், ஏ.சி. டிஸ்இன்ஃபெக்‌ஷன், அடிப்பாகக் கோட்டிங், பாலிஷ் என்று எஸ்டிமேட்டில் வரிசையாக வரும். இவற்றில் சில தேவைப்படலாம். எல்லாமே ஒவ்வொரு சர்வீஸிலும் தேவையா?

விடை உங்கள் காருக்குள்ளேயே இருக்கிறது. வண்டி வாங்கியபோது கொடுத்த ஓனர்ஸ் மேனுவலைப் பிரித்துக்கூடப் பார்க்காதவர்கள்தான் நம்மில் அதிகம். அதன் பின்பகுதியில் எத்தனை கிலோமீட்டருக்கு எது மாற்ற வேண்டும் என்று அட்டவணையே போட்டிருப்பார்கள். பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முன்னால் வருகிறதோ அப்போது ஆயில் மாற்றினால் போதும். பிரேக் ஆயிலைப் பல நிறுவனங்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. வண்டியைச் செய்தவரே கேட்காத ஒரு வேலையை எஸ்டிமேட்டில் கண்டால், “இது மேனுவலில் இல்லையே, இப்போது எதற்கு?” என்று கேளுங்கள். காரணம் இருந்தால் சொல்வார்கள். இல்லையென்றால் அந்த வரியை அடித்துவிடுவார்கள்.

வெளியில் ஆயில் மாற்றினால்கூட வாரண்டி மொத்தமும் போய்விடும் என்று சிலர் பயமுறுத்துவதுண்டு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் ஒரு முக்கியமான உத்தரவு போட்டது. உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியில் ரிப்பேர் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, வெளி வேலையால் எந்தச் சேதம் வந்ததோ அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம் என்றும் அதில் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின, வழக்கு நீண்டது. ஆனாலும் நம் பக்கத்து நியாயத்தை ஓர் அரசு அமைப்பே எழுத்தில் சொல்லியிருக்கிறது என்பது பெரிய பலம். 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை ‘ரைட் டு ரிப்பேர்’ என்று ஓர் இணையதளம் தொடங்கியது. அதில் சேர்க்கப்பட்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று.

வாரண்டி முடிந்த வண்டிக்கு, நல்ல வெளி மெக்கானிக் ஒருவர் அமைந்துவிட்டால் அதுபோல நிம்மதி வேறில்லை. கம்பெனி சென்டரில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, சொந்தமாக ஷெட் போட்டவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். உங்கள் மாடல் காரையே தினமும் பிரித்துப் பூட்டியவர்கள். அவர்களைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, உங்கள் ஊர் டாக்ஸி ஸ்டாண்டில் விசாரிப்பதுதான். ஒருநாள் வண்டி ஷெட்டில் நின்றாலும் அன்றைய வருமானம் போகிறவர் டாக்ஸி ஓட்டுநர். தப்பான இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக மாட்டார்.

புது இடத்துக்கு முதல்முறை போகும்போது கிளட்ச், எஞ்சின் என்று பெரிய வேலையோடு போகாதீர்கள். ஆயில் சேஞ்ச், பிரேக் பேட் என்று சின்ன வேலை கொடுத்துப் பாருங்கள். அவர் எப்படிக் கேட்கிறார் என்று கவனியுங்கள். நல்ல மெக்கானிக் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் கேள்வி கேட்பார். சத்தம் எப்போது வருகிறது? காலையில் ஸ்டார்ட் பண்ணினதுமா, சூடானதுக்கு அப்புறமா? ஸ்பீட் பிரேக்கரில் ஏறும்போதா, இறங்கும்போதா? ஏ.சி. போட்டால் அதிகமாகிறதா? பிறகு, “வாங்க, ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கலாம்” என்று நம்மையும் ஏற்றிக்கொண்டு போவார். இதற்கு நாமும் தயாராகப் போக வேண்டும். சத்தத்தை போனில் ரெக்கார்டு செய்துகொண்டு போங்கள். விளக்கு எரிந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஷெட்டுக்குப் போனதும் அந்தச் சத்தம் காணாமல் போவது எல்லா வண்டிக்கும் வழக்கம்தானே!

இன்னோர் அடையாளமும் உண்டு. “இந்த பிரேக் பேட் இன்னும் அஞ்சாயிரம் கிலோமீட்டர் தாங்கும், அடுத்த சர்வீஸ்ல பார்த்துக்கலாம்” என்று யார் சொல்கிறாரோ, அவர் போன் நம்பரை வீட்டில் எல்லோர் போனிலும் பதிந்துவையுங்கள்.

மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். புதிய பாகம் வந்த அட்டைப்பெட்டியையும் கேளுங்கள். அதில் பார்ட் நம்பரும் எம்.ஆர்.பி.யும் அச்சிட்டிருக்கும், பில்லோடு ஒத்துப் பார்க்கலாம். ஆயில் கேன் சீலை உங்கள் எதிரில் உடைக்கச் சொல்லுங்கள். இதெல்லாம் சந்தேகப்படுவதுபோல இருக்குமோ என்று கூச்சப்பட வேண்டாம். நேர்மையான ஷெட்டில் கேட்பதற்கு முன்பே பழைய பாகத்தைப் பேப்பரில் சுற்றி டிக்கியில் வைத்திருப்பார்கள்.

உதிரிபாகத்தில் ‘ஒரிஜினல்’, ‘லோக்கல்’ என்று இரண்டே வகை இருப்பதாக நினைக்கிறோம். நடுவில் ஒன்று இருக்கிறது. கார் கம்பெனிக்கே பாகம் செய்து கொடுக்கும் நிறுவனங்கள், அதே பாகத்தைத் தங்கள் சொந்தப் பெயரிலும் விற்கின்றன. விலை குறைவாக இருக்கும், தரத்தில் பயமில்லை. சென்னையில் ஜி.பி. ரோடு கடைகளில் விசாரித்தாலே தெரிந்துவிடும். புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய சாமான்களும் எல்லாமே மோசமில்லை. கதவுக் கண்ணாடி, ஹெட்லைட், பம்பர் என்றால் தாராளமாக வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங், சீட் பெல்ட் சம்பந்தப்பட்டது எதையும் பழசில் வாங்காதீர்கள். அதில் மிச்சம் பிடிக்கிற பணம் நமக்கு வேண்டாம்.

பெண் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. தினமும் வண்டி ஓட்டுவது நீங்களாக இருக்கும். ஷெட்டில் போய் நின்றால், “சாரை வரச் சொல்லுங்க மேடம், அவர்கிட்ட சொல்லிக்கிறேன்” என்பார்கள். அந்த சாருக்கு வண்டியில் என்ன சத்தம் வருகிறது என்றே தெரியாது. இந்தப் பழக்கம் என்னை மிகவும் வருத்துகிறது. ஓட்டுகிறவருக்குத்தான் வண்டியின் மாற்றம் முதலில் தெரியும். “வண்டி ஓட்டுறது நான்தாங்க, என்கிட்டயே சொல்லுங்க” என்று நின்று கேளுங்கள். எஸ்டிமேட்டை வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தில் வந்துவிட்டால், யாரிடம் பேசினாலும் தொகை ஒன்றுதான். கணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மெக்கானிக் உங்களுக்கு போன் செய்தால், “அவங்ககிட்ட பேசுங்க” என்று கொடுத்துவிடுங்கள்.

இனி மழைக்கு வருகிறேன். ஐப்பசி, கார்த்திகை என்றாலே சென்னைக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் நின்ற கார்கள் அப்படியே மூழ்கியதை யாரும் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அதை மறுபடி காட்டியது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அதைக் கேலி செய்தவர்களும் உண்டு. நான் அவர்களைப் புத்திசாலிகள் என்பேன். தவணை முடியாத வண்டி தண்ணீரில் மிதந்தால் வங்கியா விட்டுக்கொடுக்கும்?

வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு ஒரே ஒரு விதிதான் முக்கியம். வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். தண்ணீர் வடிந்தாலும், வெளியில் காய்ந்ததுபோலத் தெரிந்தாலும், சாவியைத் திருப்பக் கூடாது. எஞ்சின் சிலிண்டருக்குள் காற்றுக்குப் பதில் தண்ணீர் இருந்தால், பிஸ்டன் அதை அழுத்தப் பார்க்கும். தண்ணீரைச் சுருக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில ஆயிரத்தில் சுத்தம் செய்து முடித்திருக்க வேண்டிய வேலை, ஒரே ஒரு ஸ்டார்ட்டில் லட்சத்துக்குப் போய்விடும். பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லி, தட்டை லாரியில் ஏற்றி அனுப்புங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, போட்டோ எடுத்த பிறகுதான் வேலையே ஆரம்பிக்க வேண்டும்.

சாதாரண முழு இன்ஷூரன்ஸில் வெள்ளச் சேதம் அடங்கும். ஆனால் தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்றால் மறுத்துவிடுவார்கள். அதற்கு ‘எஞ்சின் புரொடக்‌ஷன்’ என்று தனியாக ஒரு சேர்க்கை எடுக்க வேண்டும். தாழ்வான பகுதியில் வசிக்கிறவர்கள் இந்த வாரமே பாலிசியை எடுத்துப் பாருங்கள், அந்த வரி இருக்கிறதா என்று.

இன்ஷூரன்ஸ் பேச்சு வந்ததால் சொல்கிறேன். பம்பரில் சின்னக் கீறல் என்றதும், “கிளைம் போட்டுடலாம் சார், உங்களுக்கு ஒரு செலவும் இல்ல” என்பார்கள். ஐந்து வருடம் கிளைம் இல்லாமல் ஓட்டியவருக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை போனஸ் தள்ளுபடி கிடைக்கும். மூவாயிரம் ரூபாய் டிங்கரிங் வேலைக்காக அதை இழப்பது யாருக்கு லாபம்? கணக்குப் போட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மழைக்காலத்தில் எலித் தொல்லையும் வரும். கதகதப்புக்காக பானெட்டுக்குள் புகுந்து வயரைக் கடித்துவிடும். புகையிலைக் கட்டு வைப்பது, கம்பி வலை அடிப்பது என்று ஒவ்வொருவரும் ஒரு வைத்தியம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து நன்றாகப் பலன் தருவது, வண்டியை ஒரே இடத்தில் பல நாள் அசையாமல் விடாமலிருப்பதும், உள்ளே பிஸ்கட் துணுக்கு சிந்தாமலிருப்பதும்தான்.

ஊருக்குக் கிளம்புகிறவர்கள் டயரைப் பாருங்கள். பட்டன் தேயவில்லை என்று மட்டும் பார்த்தால் போதாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரத்தில் செய்தது. நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் ஆறேழு வருடம் ஆன ரப்பரை நெடுஞ்சாலை வேகத்தில் நம்ப வேண்டாம். ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். யாருமே பார்ப்பதில்லை.

வழியில் விளக்கு எரிந்தால் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் என்றால் பதற்றமின்றி ஓட்டிப்போய்ச் சீக்கிரம் காட்டலாம். விட்டு விட்டு மின்னினால் வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டுங்கள். எண்ணெய்க் குவளை படம் சிவப்பில் எரிந்தால் ‘இன்னும் பத்து கிலோமீட்டர்தானே’ என்று நினைக்கவே கூடாது. அங்கேயே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். எஞ்சினுக்குள் ஆயில் அழுத்தம் இல்லாமல் சில நிமிடம் ஓடினாலே உள்ளே உலோகம் உலோகத்தைத் தின்றுவிடும். வெப்பமானி ஏறினாலும் அப்படித்தான். நிறுத்துங்கள், ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். பொறுமையில்லாமல் திறந்து, கொதிநீர் முகத்தில் அடித்துக் காயப்பட்டவர்கள் ஏராளம்.

தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கு அழையுங்கள். டோல் கட்டணம் கட்டுகிற நமக்கு இந்த உதவி எண் இருப்பதே பலருக்குத் தெரியாது. திண்டிவனத்துக்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் நடுவே ராத்திரி நின்றுவிட்டால், தானாக வந்து நிற்கும் முகம் தெரியாதவரிடம் சாவியைக் கொடுப்பதைவிட இது நல்லது. உங்கள் இன்ஷூரன்ஸில் ரோடு சைடு உதவி இருந்தால் அந்த எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி சன் வைசரில் செருகிவையுங்கள். போனில் சார்ஜ் தீர்ந்திருந்தாலும் உதவும்.

இவ்வளவுக்கும் மேல் ஏமாற்றப்பட்டால்? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

ஆனால் கையில் பில் இருக்க வேண்டும். இங்கேதான் நாம் சறுக்குகிறோம். “பில் வேணும்னா ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேரும் சார், வேண்டாம்னா அப்படியே கொடுத்திடுங்க” என்றதும் பில்லை விட்டுவிடுகிறோம். அந்த நிமிடமே நம் சாட்சியையும் விட்டுவிடுகிறோம். பிறகு மாற்றிய பாகம் ஒரு மாதத்தில் போனால் எதைக் காட்டிக் கேட்பது? சின்ன ஷெட்டுகள் பலவும் ஜி.எஸ்.டி. வரம்புக்குள் வராதவை. அங்கே வரி இல்லாத சாதாரண ரசீதே போதும். தேதி, கிலோமீட்டர், மாற்றிய பாகம், லேபர் தனியாக என்று எழுதி வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுவையுங்கள். வண்டியை விற்கும்போது அந்த ஃபைல் உங்களுக்கு நல்ல விலையும் வாங்கித் தரும்.

கடைசியாக, ஷெட்டில் வேலை செய்கிற பிள்ளைகளைப் பற்றி. ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவு இரண்டு வருடப் படிப்பு. முடித்து வருகிற பையனுக்குத் தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் சம்பளத்தைக் கேட்டால், அவன் ஏன் உணவு டெலிவரிக்குப் போகிறான் என்பது புரிந்துவிடும். 2020-ல் பி.எஸ்.6 வந்தபின் வண்டிகளில் எலக்ட்ரானிக்ஸ் கூடிவிட்டது. இப்போது மின்சாரக் கார்களும் வந்துவிட்டன. படித்த, பொறுமையான, தேடிக் கண்டுபிடிக்கிற பிள்ளைகள் இந்தத் தொழிலில் நிற்க வேண்டுமானால், அவர்களின் அறிவுக்கு நாம் காசு கொடுத்தாக வேண்டும். பத்து வருடம் கழித்து நம் வண்டியைத் திறந்து பார்க்க ஆள் வேண்டாமா?

உங்கள் ஊரில் நீங்கள் வருடக்கணக்காக நம்பும் மெக்கானிக் இருக்கிறாரா? அவர் என்ன செய்ததால் அந்த நம்பிக்கை வந்தது? ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்புங்கள். மெக்கானிக் தொழிலில் இருக்கும் வாசகர்களும் எழுதுங்கள். வாடிக்கையாளர்களான நாங்கள் எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று உங்கள் பக்கத்திலிருந்து சொல்லுங்கள். கார்த்திகை இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்